வேடந்தாங்கலா, பிச்சாவரமா, மாமல்லபுரமா, ஏலகிரியா? களப்பயண இடத்தைத் தேர்ந்தெடுக்க ஓர் ஒப்பீடு

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஆசிரியர் அறைகளில் ஒரே விவாதம்தான். ஒன்பதாம் வகுப்பை எங்கே அழைத்துப் போவது? அறிவியல் ஆசிரியர் பிச்சாவரம் என்பார். சமூக அறிவியல் ஆசிரியர் மாமல்லபுரத்தை விட்டுக்கொடுக்க மாட்டார். மாணவர்களைக் கேட்டால் ஒரே குரலில் மலை. தலைமை ஆசிரியர் மட்டும், "பக்கத்தில் எங்காவது போய்விட்டு நான்கு மணிக்குள் வந்து சேருங்கள்" என்று சொல்லிவிட்டுக் கோப்பில் தலையைப் புதைத்துக்கொள்வார். சென்னை, செங்கல்பட்டு வட்டாரத்து ஆசிரியர்கள் பலர் இந்த இடங்களின் பெயரைச் சொல்லி, "இதில் எது பாதுகாப்பு?" என்று கேட்கிறார்கள்.

இடத்தின் பெயரை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. எந்த மாதம், எந்த வண்டி, எத்தனை மணிக்குப் புறப்பாடு, கூட வரும் பெரியவர்கள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து அதே இடம் நல்ல தேர்வாகவும் இருக்கும், மோசமான தேர்வாகவும் இருக்கும். அதனால் கணக்கைக் குறுக்கிக்கொள்கிறேன். தாம்பரம் பக்கத்துப் பள்ளி ஒன்று, ஒன்பதாம் வகுப்பின் ஒரு பிரிவு, 40 மாணவர்கள், நோக்கம் சுற்றுச்சூழல் களப்பணி. முன்னால் இருக்கும் வழிகள் ஐந்து: நடந்து போகும் தூரத்தில் உள்ள ஏரி அல்லது பூங்கா, வேடந்தாங்கல், மாமல்லபுரம் கடற்கரைச் சாலை, பிச்சாவரம், ஏலகிரி.

## எதை வைத்து எடை போடுவது

பெற்றோர் கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி பாம்பைப் பற்றியது. அடுத்தது சாப்பாடு. ஆனால் நம் நாட்டில் மாணவர் சுற்றுலாக்களில் நடந்த பெரிய துயரங்களை நினைத்துப் பாருங்கள், திரும்பத் திரும்ப இரண்டு இடத்தில்தான் வந்து நிற்கும்: தண்ணீர், சாலை.

2007 பிப்ரவரி 20 அன்று கேரளத்தின் தட்டேக்காட்டில் படகு மூழ்கி 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் இறந்தார்கள். 2024 ஜனவரி 18 அன்று வதோதராவின் ஹர்ணி ஏரியில் 12 மாணவர்கள், 2 ஆசிரியர்கள். இரண்டிலும் படகு தாங்கும் அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்தார்கள். 2014 ஜூன் 8 அன்று இமாசலத்தின் பியாஸ் ஆற்றில் ஐதராபாத்தைச் சேர்ந்த 24 பொறியியல் மாணவர்கள் அடித்துச் செல்லப்பட்டார்கள். மேலே அணையில் தண்ணீர் திறந்துவிட்டதுதான் காரணம். 2022 அக்டோபர் 5 இரவு, எர்ணாகுளம் மாவட்டப் பள்ளி மாணவர்களுடன் ஊட்டிக்குப் போய்க்கொண்டிருந்த சுற்றுலா பஸ் பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில் அரசு பஸ்ஸின் பின்னால் மோதியது. மாணவர்கள் 5 பேர், ஆசிரியர் ஒருவர், அரசு பஸ் பயணிகள் 3 பேர் என ஒன்பது உயிர்கள் போயின. சுற்றுலா பஸ் மணிக்கு 97 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் போனதாகப் பதிவாகியிருந்தது.

எனவே என் அளவுகோல்களில் முதலிடம் தண்ணீருக்கு. மாணவருக்கும் தண்ணீருக்கும் நடுவே என்ன இருக்கிறது: வேலியா, கரையா, வெறும் சொல்லா? இரண்டாவது சாலை. எத்தனை மணி நேரம் என்பதைவிட, அதில் எத்தனை மணி நேரம் இருட்டில் என்பதே முக்கியம். மூன்றாவது, நல்ல வசதியுள்ள அரசு மருத்துவமனைக்குப் போய்ச்சேர ஆகும் நேரம். 108-ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். அது வரும் நேரத்தையும் திரும்பிப் போகும் நேரத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். நான்காவது, அந்த இடத்தில் தலைகளை எண்ண முடியுமா?

ஐந்தாவதை யாரும் பட்டியலில் எழுதுவதில்லை. எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது: பாதியில் திரும்பி வர முடியுமா? வானம் கறுக்கிறது, படகுத்துறையில் கூட்டம் நெரிகிறது, ஒரு மாணவிக்குக் காய்ச்சல் அடிக்கிறது. அந்த நேரத்தில் "போதும், கிளம்புங்கள்" என்று ஓர் ஆசிரியரால் சொல்ல முடிய வேண்டும். முன்பணம் கட்டிய விடுதி, திரும்பக் கிடைக்காத டிக்கெட், ஐந்து மணி நேரம் பயணம் செய்து வந்த களைப்பு எல்லாம் சேர்ந்து அந்தச் சொல்லைத் தொண்டையிலேயே அடைத்துவிடும். விபத்துக்கு முந்தைய அரை மணி நேரத்தில் அங்கே இருந்த யாரோ ஒருவருக்கு மனம் உறுத்தியிருக்கும். உறுத்தியதை வாய்விட்டுச் சொல்ல விடாதது இந்தச் செலவுக் கணக்குதான் என்பது என் எண்ணம்.

## பக்கத்து ஏரி, பக்கத்துப் பூங்கா

தலைமை ஆசிரியருக்குப் பிடித்த வழி. செலவு இல்லை, பஸ் வேண்டாம், மழை வந்தால் பத்து நிமிடத்தில் வகுப்பறைக்குத் திரும்பிவிடலாம். ஐந்தாவது அளவுகோலில் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. நான்கு வாரம் தொடர்ந்து ஒரே இடத்துக்குப் போய் நீர்மட்டம், பறவை வரவு, கரையோரச் செடிகள் எல்லாவற்றையும் குறித்துவரலாம் என்பது பாட நோக்கில் பெரிய லாபம். ஒருநாள் சுற்றுலாவில் அது கிடைக்காது.

ஆனால் இதன் மறைவான விலை, அருகில்தானே என்ற அலட்சியம். பிச்சாவரத்துக்கு மூன்று ஆசிரியர்களை அனுப்பும் பள்ளி, தெருக்கோடி ஏரிக்கு ஒருவரை அனுப்பும். ஒப்புதல் கடிதம் கிடையாது, முதலுதவிப் பெட்டி கிடையாது, ஏரியை யாரும் முன்கூட்டிப் பார்த்துவிட்டு வந்திருக்கவும் மாட்டார்கள்.

ஏரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கரையில் நின்று பார்த்தால் சென்னைப் புறநகர் ஏரிகள் பல, முழங்கால் ஆழம்கூட இல்லாதவை போலத் தெரியும். மாடு இறங்கி நிற்கும், கொக்கு நடக்கும். அந்தக் கொக்கு நிற்கும் இடத்திலிருந்து நாலு அடி தள்ளிச் சவுடு மண் அள்ளிய பள்ளம் இருக்கலாம். பொக்லைன் வெட்டிய பள்ளத்துக்குச் சரிவு கிடையாது, சுவர்போல நேராக இறங்கும். கோடையில் வெட்டினார்கள், மழையில் நிரம்பியது, இப்போது மேலே பார்த்தால் ஒரே சமமான நீர்ப்பரப்பு. உள்ளே சறுக்கியவர் மேலே ஏற நினைத்தாலும் களிமண் பிடி கொடுக்காது. நீச்சல் தெரிந்த பையனும் தோழனைக் காப்பாற்றப் போய் அகப்பட்டுக்கொள்கிறான். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் ஊர்ப் பக்கங்களில் வரும் செய்திகளில் பாதிக் கதை இதுதான்.

அதனால் ஏரி என்றால் கோடையில், தண்ணீர் வற்றியிருக்கும்போது ஒருமுறை போய்ப் பாருங்கள். பள்ளங்கள் எங்கே என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். களப்பணியைக் கரைமேலேயே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மாதிரி எடுப்பது பெரியவர் வேலை. கயிறு கட்டிய வாளியை மதகுப் படியில் நின்று வீசினாலே போதும். சீமைக்கருவேல முள் செருப்பைத் துளைக்கும், மாணவர்களைக் காலணியோடு வரச் சொல்லுங்கள்.

வேலியும் காவலும் உள்ள இடமே வேண்டும் என்றால் கிண்டி சிறுவர் பூங்கா, பாம்புப் பண்ணை, வண்டலூர் உயிரியல் பூங்கா இருக்கின்றன. ஆறு, ஏழாம் வகுப்புகளுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இவற்றைத்தான் சொல்வேன்.

## வேடந்தாங்கல்

செங்கல்பட்டு மாவட்டத்தில், சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள ஏரி, நடுவே நீரில் நிற்கும் கடம்பு மரங்கள், அவற்றில் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரைகள், அரிவாள்மூக்கன்கள், நீர்க்காகங்கள், கூழைக்கடாக்கள். ஊர் மக்களே தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த பறவைகள் இவை. வெள்ளையர் துப்பாக்கியோடு வந்து சுட்டபோது ஊரார் முறையிட்டு, 1798-இல் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸிடம் தங்கள் உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். 2022 முதல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலிலும் இருக்கிறது. அறிவியல் ஆசிரியரும் சமூக அறிவியல் ஆசிரியரும் சண்டை போடாமல் பங்கு பிரித்துக்கொள்ளக்கூடிய இடம்.

பாதுகாப்பு நோக்கில் இதன் பெரும் பலம், நடக்கும் இடம் ஒரே கோடாக இருப்பது. ஏரிக்கரைமேல் பாதை, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், நடுவில் பார்வைக் கோபுரம். முன்னால் ஓர் ஆசிரியர், கடைசியில் ஓர் ஆசிரியர். கடைசியில் வருபவரைத் தாண்டிப் பின்தங்க யாரையும் விடக்கூடாது, அவ்வளவுதான். கரையில் 40 பேரை எண்ணுவது, கடற்கரையில் பத்துப் பேரை எண்ணுவதைவிட எளிது.

எண்ணுவதிலும் ஒரு முறை உண்டு. "எல்லாரும் வந்துவிட்டீர்களா?" என்று கேட்பது எண்ணிக்கை ஆகாது. அதற்கு எப்போதும் "ஆமாம் சார்" என்ற பதில்தான் வரும். புறப்படும் முன்பே ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துவிடுங்கள். ஒன்று, இரண்டு என்று அவரவர் எண்ணை அவரவரே சொல்ல வேண்டும். 22 வரை மளமளவென்று வந்து, அடுத்த குரல் வராமல் நின்றால் யார் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். அப்போது 24 சொல்ல வேண்டியவன், "23 பஸ்ஸில் இருக்கிறான் சார், நான் பார்த்தேன்" என்பான். அவன் பொய் சொல்வதில்லை, பத்து நிமிடம் முன்னால் பார்த்திருப்பான். அதை ஏற்காதீர்கள். 23 தன் வாயால் சொல்லும்வரை பஸ் நகரக்கூடாது. கழிப்பறைக்கு நிறுத்திய இடத்திலும், டீக்கடை வாசலிலும் இதே முறைதான். முக்கியமாக, எண்ணும் ஆசிரியருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். போட்டோ எடுப்பவர், டிபன் பொட்டலம் விநியோகிப்பவர், பறவையைக் காட்டி விளக்குபவர், இவர்களில் யாரும் எண்ணுபவராக இருக்க முடியாது.

குறைகளும் இருக்கின்றன. பார்வைக் கோபுரப் படியில் நெரிசல் வரும், பத்துப் பேராக ஏற்றி இறக்க வேண்டும். ஏரியில் தண்ணீர் இல்லாத ஆண்டில் பறவையும் இருக்காது. பறவைகள் கூட்டுக்குத் திரும்பும் மாலை நேரம் அழகானது, அதற்காகக் காத்திருந்தால் ஜி.எஸ்.டி. சாலையில், அதாவது சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில், இருட்டில் திரும்ப நேரும். இதுதான் வேடந்தாங்கலின் மறைவான விலை. காலையைத் தேர்ந்தெடுங்கள். ஆறு மணிக்குப் புறப்பட்டால் எட்டு மணிக்கு அங்கே இருக்கலாம், பதினொன்றுக்குள் வேலை முடியும், மதியச் சாப்பாட்டைத் திரும்பும் வழியில் வைத்துக்கொள்ளலாம். மதுராந்தகத்தில் அரசு மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது. பெரிய சிகிச்சைக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

## மாமல்லபுரமும் கடற்கரைச் சாலையும்

இங்கே இருப்பது இரண்டு வெவ்வேறு பயணங்கள். ஒன்றை முழு மனதோடு சிபாரிசு செய்கிறேன், மற்றதை எதிர்க்கிறேன்.

முதலாவது தரையில் நடப்பது. வடநெம்மேலி முதலைப் பண்ணை, அங்கே இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்பு விஷம் எடுத்துக் காட்டும் இடம், மாமல்லபுரத்துக் குடைவரைகள். பாம்பைப் பற்றிப் பெற்றோர் பயப்படும் பள்ளி முதலில் போக வேண்டிய இடம் அந்தச் சங்கம்தான். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் கண்ணெதிரே பார்த்துவிட்டு வந்த பிள்ளைக்கு, கடித்தால் என்ன செய்வது என்று சொல்லித்தருவது சுலபம். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, கீறாமல், உறிஞ்சாமல், இறுக்கிக் கட்டாமல், எதிர்விஷ மருந்து உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கடித்த பாம்பைத் தேடி அடிப்பதில் ஒரு நிமிடமும் போகக்கூடாது. இந்தியாவில் பயன்படும் எதிர்விஷ மருந்து அந்த நான்குக்கும் சேர்த்துத் தயாராவது, பாம்பைக் கையில் கொண்டுபோக வேண்டியதில்லை.

இரண்டாவது, கடலில் கால் நனைப்பது. "முழங்கால் வரைக்கும் மட்டும்" என்று ஆரம்பிக்கும் வாக்கியத்தை எந்த ஆசிரியரும் சொல்லக்கூடாது என்பேன். முழங்கால் ஆழத்தில் நிற்கும்போது அலை திரும்பிப் போகையில் குதிகாலுக்கு அடியிலிருந்து மணலை வாரிக்கொண்டு போவதை உணர்ந்திருப்பீர்கள். நமக்குக் கூச்சமாக இருக்கும் அந்த இழுப்பு, 35 கிலோ எடையுள்ள பிள்ளையைச் சாய்த்துவிடும். சாய்ந்த பிள்ளை அடுத்த அலைக்குள் இடுப்பளவு நீரில் இருக்கும். இழுவை நீரோட்டம் இன்னும் வஞ்சகமானது. இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைக்கையில் நடுவே ஒரு பட்டை மட்டும் அமைதியாக, கொஞ்சம் கருமையாகத் தெரியும். அலை இல்லையே என்று நம்பிப் பிள்ளைகள் அங்கேதான் இறங்குவார்கள். கரைக்கு வந்த நீரெல்லாம் கடலுக்குத் திரும்பிப் போகும் வழி அது.

2016 பிப்ரவரி 1 அன்று மகாராஷ்டிரத்தின் முருட் கடற்கரையில் புணே கல்லூரி மாணவர்கள் 14 பேர் மூழ்கினார்கள். 2024 டிசம்பரில் கர்நாடகத்தின் முருடேஸ்வரத்தில் உறைவிடப் பள்ளி மாணவிகள் நான்கு பேர். அதன்பின் ஆசிரியர்கள் மீது வழக்கு, கைது. இரண்டு இடத்திலும் கூடவே ஆசிரியர்கள் இருந்தார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம். கரையில் நிற்கும் பெரியவரின் கண்ணுக்கு அலைக்குள் இருக்கும் நாற்பது தலைகளும் ஒன்றுபோலவே தெரியும், அதில் ஒன்று குறைந்ததைக் கண்டுபிடிக்க முடியாது.

எனவே மாமல்லபுரம் போகலாம், கடற்கரையை நிகழ்ச்சி நிரலிலிருந்தே எடுத்துவிடுங்கள். "நேரம் இருந்தால் பீச்" என்று எழுதி வைத்தால் நேரம் எப்படியும் கிடைத்துவிடும். கடலோர உயிர்களைக் காட்டியே தீர வேண்டுமானால் அலை தொடும் கோட்டுக்கு மேலே, காய்ந்த மணலில் கயிறு கட்டி, கயிற்றுக்கு இந்தப் பக்கம் கிடக்கும் கிளிஞ்சலையும் நண்டு வளையையும் பாருங்கள். கயிற்றருகே கடலுக்கு முதுகைக் காட்டி, மாணவரைப் பார்த்தபடி ஓர் ஆசிரியர் நிற்க வேண்டும்.

## பிச்சாவரம்

சிதம்பரம் அருகே, உப்பங்கழியில் வளரும் அலையாத்திக் காடு. பாடத்துக்கு இது ராஜா. சேற்றிலிருந்து பென்சில் நட்டதுபோல் மேலெழும் மூச்சுவேர், தாங்குவேர்களில் நிற்கும் சுரபுன்னை, மரத்திலேயே முளைவிட்டுத் தொங்கும் விதை. 2004 சுனாமியில் அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைந்தது என்று விளக்க இதைவிட நல்ல வகுப்பறை கிடையாது.

ஆனால் அந்த வகுப்பறைக்குப் படகில்தான் போக வேண்டும். குறுகிய கால்வாய்களுக்குள் நுழைவது துடுப்புப் படகு. அதில் ஐந்தாறு பேர்தான் உட்கார முடியும். நாற்பது மாணவருக்குக் குறைந்தது எட்டுப் படகுகள், படகுக்கு ஒரு பெரியவர் என்றால் எட்டுப் பேர், கரையில் ஒருவர், ஆக ஒன்பது. எந்தப் பள்ளி ஒன்பது பேரை அனுப்பும்? மூன்று ஆசிரியர் வருவார்கள், ஐந்து படகில் மாணவர்கள் மட்டும் படகோட்டியோடு போவார்கள், கால்வாய் வளைவில் கண்ணுக்கு மறைந்துவிடுவார்கள். மோட்டார் படகு எடுத்தால் ஆள் கணக்கு சரியாகும், குறுகிய கால்வாய்களைப் பார்க்க முடியாது. பிச்சாவரத்தின் மறைவான விலை இந்தக் கூட்டல் கணக்குதான். இதைப் போடாமல் "படகுத்துறை அரசு நடத்துவது, அதனால் பயமில்லை" என்று சொல்வது சரியல்ல. தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று 45 பேர் உயிரிழந்த படகும் அரசுச் சுற்றுலா நிறுவனத்தினுடையதுதான். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாக நகர்ந்தது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. மீன்கொத்தியைக் கண்டதும் ஒன்பதாம் வகுப்பு என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும்.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் ஒரு நுணுக்கம். போட்டிருப்பது போதாது, பூட்டியிருக்க வேண்டும். கொக்கி மாட்டாத ஜாக்கெட் தண்ணீரில் விழுந்ததும் தலைக்கு மேலே கழன்று போகும். ஒவ்வொருவரையும் நிறுத்தி, தோள்பட்டைப் பக்கம் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது பெரிய அளவு, மாற்ற வேண்டும். சிறிய அளவு இல்லை என்று துறையில் சொன்னால் அந்த மாணவர் படகில் ஏறவேண்டாம்.

சாலைக் கணக்கும் பாதகமானது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 230 கிலோமீட்டர், ஒரு வழிக்கே ஐந்து மணி நேரம். ஒரே நாளில் போய்வர வேண்டுமானால் விடியுமுன் புறப்பாடு, நள்ளிரவை ஒட்டித் திரும்புதல், ஒரே ஓட்டுநர். இதை நான் எந்தப் பள்ளிக்கும் சொல்லமாட்டேன். ரயிலில் சிதம்பரம் போய் ஓர் இரவு தங்கி, மறுநாள் காலை படகு என்று வைத்தால் கணக்கு மாறும், செலவு ஏறும். அண்ணாமலை நகரில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருப்பது பலம்.

பிச்சாவரம் யாருக்குச் சரி என்றால், மேல்நிலை உயிரியல் பிரிவில் 15 அல்லது 20 பேர், ஜனவரி அல்லது பிப்ரவரி, ஒரு இரவு தங்கல். ஒன்பதாம் வகுப்பு நாற்பது பேருக்கு அல்ல. அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழையில் கடலூர் மாவட்டத்தின் எந்த நீர்நிலைக்கும் மாணவரை அழைத்துப் போகும் யோசனையே வேண்டாம்.

## ஏலகிரி

மாணவர்கள் கேட்பது இதைத்தான். திருப்பத்தூர் மாவட்டம், சுமார் 1,100 மீட்டர் உயரம், புலவர்களும் வள்ளல்களும் பெயர் கொடுத்த 14 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையின் 70 வளைவுகளோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை என்று ஓட்டுநர் சொல்வார். சமவெளியிலேயே ஓட்டிப் பழகிய ஓட்டுநருக்குப் பதினான்கும் அதிகம்தான். இறங்கும்போது கீழ் கியரில் இறங்காமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். "மலைப்பாதையில் ஓட்டியிருக்கிறீர்களா?" என்று வண்டி பேசும்போதே ஓட்டுநரிடம் நேரில் கேளுங்கள், உரிமையாளரிடம் கேட்பதில் பயனில்லை. தகுதிச் சான்று, காப்பீடு, அனுமதிச் சீட்டு மூன்றின் தேதியையும் உங்கள் கண்ணால் பாருங்கள். உள்ளே வண்ண விளக்கும் ஆட்டம் போட வைக்கும் ஒலிபெருக்கியும் இருப்பதையே பெருமையாகச் சொல்லும் வண்டி வேண்டாம். பள்ளி பஸ்ஸையே எடுத்துப் போவதானால் அதன் அனுமதி வெளிமாவட்டத்துக்குச் செல்லுமா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விபத்து நடந்த பிறகு காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்கும் தாள் அதுதான்.

மலை என்றால் இரவு தங்கல். தங்கல் என்றால் மாணவிகளுக்குத் துணையாகப் பெண் ஆசிரியர்கள், அறைக்கதவுத் தாழ்ப்பாள், யார் எந்த அறை என்ற பட்டியல், இரவு முழுக்க முறை வைத்து விழித்திருக்க இருவர். அதே இருவர் மறுநாள் மலையேற்றத்தில் விழிப்போடு இருப்பார்களா? மாட்டார்கள். இந்தத் தூக்கக் கணக்கை யாரும் செலவில் எழுதுவதில்லை.

அருவியும் காட்டுப் பாதையும் தனிக் கணக்கு. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டார். அருவியில் குளிக்கும் இடத்தில் மழை இல்லாவிட்டாலும் மலைமேல் பெய்திருக்கும். நீர் கலங்குவதும் சருகு மிதந்து வருவதும் கண்ணில் பட்டால் அந்த நொடியே வெளியேற வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றக் குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அவர்கள் பள்ளி மாணவர்கள் அல்லர், ஆனாலும் காய்ந்த புல் மலையில் வனத்துறை அனுமதி ஏன் வேண்டும் என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஏலகிரியில் களப்பணி என்று என்ன நடக்கப்போகிறது என்பதே எனக்குப் புரிவதில்லை. உல்லாசப் பயணம் என்றால் உல்லாசப் பயணம் என்றே எழுதுங்கள். அதற்குக் களப்பணி என்று பெயர் சூட்டினால் களப்பணிக்கு வேண்டிய முன்னேற்பாடும் நடக்காது, உல்லாசத்துக்கு வேண்டிய கண்காணிப்பும் இருக்காது.

## ஒரே பார்வையில்

| | பக்கத்து ஏரி / பூங்கா | வேடந்தாங்கல் | மாமல்லபுரம் (கடல் இல்லாமல்) | பிச்சாவரம் | ஏலகிரி |
|---|---|---|---|---|---|
| தண்ணீர் | ஏரியில் மறைந்த பள்ளம், பூங்காவில் வேலி | கரைமேல் நடை, இறங்கத் தேவையில்லை | நிரலில் இல்லாதவரை இல்லை | படகே வகுப்பறை | அருவிக்குப் போனால் மட்டும் |
| சாலை | சாலையைக் கடக்கும் இடம் மட்டும் | போக 2 மணி நேரம், பகலிலேயே முடியும் | சுமார் ஒன்றரை மணி நேரம் | போக 5 மணி நேரம், ஒரே நாளில் என்றால் இருட்டு | நீண்ட பயணம், மலைப்பாதை |
| எண்ணிக்கை | எளிது | மிக எளிது | குடைவரைகளில் சிதறுவார்கள் | படகுக்கு ஒரு பெரியவர் தேவை | தங்கும் இடத்தில் கடினம் |
| 40 பேருக்கு என் கணக்கில் பெரியவர்கள் | 4 | 4 அல்லது 5 | 6 | 9 | 6, கூடுதலாக இரவுக் காவல் |
| பாதியில் திரும்ப | உடனே | சுலபம் | சுலபம் | படகில் ஏறிவிட்டால் கடினம் | மிகக் கடினம் |
| மறைவான விலை | அலட்சியம் | மாலைவரை இருக்கும் ஆசை | "நேரம் இருந்தால் பீச்" | ஆள் பற்றாக்குறை | தூக்கமில்லாத ஆசிரியரும் ஓட்டுநரும் |
| பாட லாபம் | பல வாரம் தொடர்ந்தால் மிக அதிகம் | அதிகம் | அதிகம் | மிக அதிகம் | குறைவு |

## எங்கே போனாலும் மாறாதவை

ஒப்புதல் கடிதத்தில் "எந்த அசம்பாவிதத்துக்கும் பள்ளி பொறுப்பல்ல" என்று ஒரு வரி போட்டுப் பெற்றோர் கையெழுத்தை வாங்கிக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. அந்த வரி எந்தப் பிள்ளையையும் காப்பாற்றாது, பள்ளியையும் பெரிதாகக் காப்பாற்றிவிடாது. அந்த இடத்தில் வேறு கேள்விகளைக் கேளுங்கள்: ஆஸ்துமா உண்டா, வலிப்பு வந்ததுண்டா, தேனீ கொட்டினால் உடம்பு வீங்குமா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, தினமும் சாப்பிடும் மாத்திரை எது, பகலில் உடனே போனை எடுக்கும் இரண்டு பேர் யார்? அந்தத் தாள்களின் நகல் ஒன்று பஸ்ஸிலும் ஒன்று பள்ளி அலுவலகத்திலும் இருக்கட்டும். இன்ஹேலர் மாணவரின் பையில் இருக்க வேண்டும், பஸ்ஸின் மேல்தட்டில் அல்ல.

பார்வைக் கோபுரம், பாறை, உயரமான தண்ணீர்த் தொட்டி எங்கே போனாலும் மலைத்தேனீக் கூடு இருக்கிறதா என்று முதலில் ஓர் ஆசிரியர் போய்ப் பார்க்க வேண்டும். இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். இடி கேட்டுவிட்டால் மரத்தடி ஒதுங்கும் இடமல்ல, பஸ்தான். முந்தைய நாள் மாலை வானிலை மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். அந்த மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை என்றால் பயணம் ரத்து. மஞ்சள் என்றால் தண்ணீர், மலை இரண்டும் ரத்து.

## என் தேர்வு

ஒன்பதாம் வகுப்பு, நாற்பது பேர், ஐந்து பெரியவர்கள் என்ற நம் கணக்குக்கு வேடந்தாங்கல், ஜனவரியில், காலை நேரத்தில். ஆறு பெரியவர்கள் கிடைத்து, கடற்கரை நிரலில் இல்லையென்று தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட்டால் மாமல்லபுரம் அதற்குச் சமம். மூன்றே பேர்தான் வருவார்கள் என்றால் எங்கும் பஸ் ஏற வேண்டாம். வகுப்பை இரண்டாகப் பிரித்து அடுத்தடுத்த வாரங்களில் பக்கத்துப் பூங்காவுக்கு அழைத்துப் போங்கள். பிச்சாவரத்தைப் பதினொன்றாம் வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏலகிரி வேண்டும் என்று மாணவர்கள் அடம்பிடித்தால், விடுமுறையில் பெற்றோரோடு போகச் சொல்லுங்கள்.

வண்டி பேசும்போது, முந்தைய நாள் இரவு எட்டு மணிவரை ரத்து செய்தால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று எழுதி வாங்குங்கள். கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் ரத்துக்கு இடம் கொடுக்கும் வண்டியையே எடுங்கள். புறப்படும் வாரத்தில் வேடந்தாங்கல் வனத்துறை அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு ஏரியில் தண்ணீர் இருக்கிறதா, பறவை வந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே பறவை குறைவு என்றால் பக்கத்திலேயே கரிக்கிலி சரணாலயம் இருக்கிறது, அதையும் கையோடு விசாரித்துவிடலாம். இரண்டிலும் இல்லையென்றால் பயணத்தைப் பிப்ரவரிக்குத் தள்ளிவைப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை.